கோப்பின் தலைப்பகுதியில் தொலையும் குரல்

புனே நகரின் கிழக்கில், முளா-முடா ஆற்றை ஒட்டி இருக்கிறது கராடி. ஈஆன் பூங்காவும் உலக வர்த்தக மையமும் எழுந்த பிறகு இங்கே பலருடைய இரவு இன்னொரு நாட்டின் பகலாகிவிட்டது. வாடிக்கையாளர் சேவை, வங்கிகளின் பின்னணி வேலை, மென்பொருள் சோதனை என்று நடக்கும் தொழில்களில் மனிதக் குரல் ஓயாமல் கோப்பாகிக்கொண்டே இருக்கிறது. அழைப்பைப் பதிவு செய்கிறார்கள், தரம் பார்ப்பவர் அதைத் திறந்து கேட்கிறார், பிறகு அது பேச்சை எழுத்தாக்கும் நிரலுக்குப் போகிறது. வேலை முடிந்து வீடு திரும்பியதும் அதே ஆட்களில் சிலர் பாட்காஸ்ட் செய்கிறார்கள். ஊரிலிருக்கும் பாட்டியின் கதைகளைச் சேமிக்கிறார்கள். பிள்ளையின் பாட்டு வகுப்பை வெட்டி ஒட்டுகிறார்கள். அலுவலகமோ வீடோ, காசு கொடுக்காமல் கிடைக்கும் ஒலித்தொகுப்பு மென்பொருளான ஆடாசிட்டியைத்தான் பலர் திறக்கிறார்கள். புகாரும் ஒரே மாதிரி வருகிறது: “எடிட் பண்ணும்போது நல்லாத்தான் இருந்துச்சு, எக்ஸ்போர்ட் பண்ணதும் கெட்டுப்போச்சு.”

இப்படி வரும் கோப்புகளைப் பிரித்துப் பார்ப்பது என் வேலையின் ஒரு பகுதி. பார்த்த வரையில் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். ஒலியைச் சுருக்கும் கணக்கு தப்பாகப் போவது அபூர்வம். எம்பி3, ஃபிளாக், ஓப்பஸ் ஆகியவற்றின் கணக்கைப் பல ஆண்டுகளாகப் பலர் சோதித்துத் தேய்த்திருக்கிறார்கள். கெடுவது பெரும்பாலும் கைமாறும் இடத்தில்தான். ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் எண்களைக் கொடுக்கும்போது, “இந்த எண்களுக்கு இதுதான் பொருள்” என்று சொல்ல வேண்டிய இடத்தில் தப்பாகச் சொல்கிறது, அல்லது சொல்லாமல் விடுகிறது. வழுவை அங்கே தேடாமல் மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவதில் எத்தனையோ மாலைகள் வீணாகின்றன.

ஒரு பெயர், பல கைகள்

ஆடாசிட்டியை 1999-ல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனியும் ரோஜர் டேனன்பெர்க்கும் தொடங்கினார்கள். 2000-ல் அது கட்டற்ற மென்பொருளாக வெளிவந்தது. 2021-ல் மியூஸ் குழுமம் அதன் பொறுப்பை ஏற்றது. அதே ஆண்டு பயனர் தகவல் திரட்டுவது பற்றி எழுந்த சர்ச்சையில் டெனாசிட்டி என்ற கிளை பிரிந்தது. இவ்வளவும் பரவலாகத் தெரிந்தவை. திரையில் ஆடாசிட்டி என்று ஒரு பெயர்தான் தெரிகிறது; உள்ளே வேலை செய்பவை பல. வேவ் போன்ற கோப்புகளைப் படிப்பதும் எழுதுவதும் எரிக் டி காஸ்ட்ரோ லோபோ உருவாக்கிய லிப்சண்ட்ஃபைல் நூலகம். எம்பி3 எழுதுவது 1998-ல் மைக் செங் தொடங்கிய லேம். ஃபிளாக்கை ஜோஷ் கோல்சன் தொடங்கினார். இப்போது அது ஸிஃப் அமைப்பின் கீழ் இருக்கிறது. எம்4ஏ உள்ளிட்ட மற்ற பல வடிவங்களுக்கு, ஃபாப்ரிஸ் பெல்லார் 2000-ல் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக். எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்தும்போது ஆடாசிட்டி தன்னிடமுள்ள எண்களை இவற்றில் ஒன்றிடம் ஒப்படைக்கிறது. வழு ஒப்படைத்தவரிடமும் இருக்கலாம், வாங்கியவரிடமும் இருக்கலாம், இருவருக்கும் நடுவிலிருந்த உடன்பாட்டிலும் இருக்கலாம்.

இந்தச் சங்கிலியைச் சட்டமும் உடைத்திருக்கிறது. எம்பி3-க்குக் காப்புரிமை இருந்த காலம் முழுக்க லேமை ஆடாசிட்டியோடு சேர்த்துத் தர முடியவில்லை. பயனர்தான் தனியாகத் தேடி இறக்க வேண்டும். கிடைத்த இடத்தில் கிடைத்த பதிப்பை இறக்கியவர்களுக்கு “எம்பி3 எக்ஸ்போர்ட் ஆகவில்லை” என்ற பிழை வந்தது. அதில் ஒலியியல் எதுவும் இல்லை, பதிப்புப் பொருத்தமின்மைதான். 2017-ல் காப்புரிமை உரிமத் திட்டம் முடிவுக்கு வந்தது. 2019-ல் வந்த 2.3.2 பதிப்பிலிருந்து லேம் ஆடாசிட்டியின் உள்ளேயே இருக்கிறது. எஃப்எஃப்எம்பெக் மட்டும் இன்னும் தனியாகத்தான் நிறுவ வேண்டியதாக இருக்கிறது. அதன் பெரும் பதிப்பு மாறும்போதெல்லாம் உள்ளமைப்பும் மாறுகிறது. ஆடாசிட்டி எதிர்பார்க்கும் பதிப்பும் கணினியில் இருப்பதும் வேறாக இருந்தால் கோப்பு திறக்காது. ஒன்று 64 பிட்டும் மற்றது 32 பிட்டுமாக இருந்தாலும் அதே கதிதான். “என் எம்4ஏ கோப்பு கெட்டுவிட்டது” என்று வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது இந்த இரண்டு பதிப்பு எண்களைத்தான்.

முதல் 44 பைட்டுகள்

வேவ் கோப்பு எளிமையானது. 1991-ல் மைக்ரோசாஃப்ட்டும் ஐபிஎம்மும் வகுத்த வடிவம். முன்னால் ஒரு தலைப்பகுதி, பின்னால் ஒலியின் எண்கள். சாதாரண வேவில் தலைப்பகுதி 44 பைட்டுகள். எத்தனை சேனல், நொடிக்கு எத்தனை மாதிரி, ஒரு மாதிரிக்கு எத்தனை பிட், ஒலி எந்த வகையில் எழுதப்பட்டிருக்கிறது, மொத்த நீளம் எவ்வளவு என்று அதில் இருக்கும். இந்த 44 பைட்டுகளில் ஓர் எண் பிசகினால், பின்னால் இருக்கும் கோடிக்கணக்கான எண்கள் சரியாக இருந்தும் பயனில்லை.

கராடியில் இதை அடிக்கடி காட்டுவது தொலைபேசிப் பதிவுகள். தொலைபேசி ஒலி நொடிக்கு 8,000 மாதிரிகள் கொண்டது, மாதிரிக்கு 8 பிட். அந்த 8 பிட்டுக்குள் குரலை அடக்க இரண்டு முறைகள் உண்டு. இந்தியாவும் ஐரோப்பாவும் பயன்படுத்துவது ஏ-லா, அமெரிக்காவும் ஜப்பானும் பயன்படுத்துவது மியூ-லா. வேவின் தலைப்பகுதியில் ஏ-லாவுக்கு எண் 6, மியூ-லாவுக்கு 7. அமெரிக்க வாடிக்கையாளரின் அழைப்பை இங்கே பதிவு செய்யும் அமைப்பில் 6 இருக்க வேண்டிய இடத்தில் 7 விழுந்துவிட்டால் பேச்சு முற்றிலும் அழிந்துவிடாது, வார்த்தைகள் அங்கங்கே புரியும். ஆனால் சத்தமே இல்லாதிருக்க வேண்டிய இடைவெளிகளில் இரைச்சல் ஏறி நிற்கும், உரத்த இடங்கள் அமுங்கிக் கரகரக்கும். கேட்பவர் மைக்கைக் குறை சொல்வார், லைனைக் குறை சொல்வார். உண்மையில் மாற்ற வேண்டியது ஒரே ஓர் எண்.

இதைவிட வஞ்சகமான ஒன்றும் உண்டு. ஆஸ்டரிஸ்க் என்பது தொலைபேசி இணைப்பகமாக வேலை செய்யும் கட்டற்ற மென்பொருள். பல அழைப்பு மையங்களின் அடித்தளம். அது பதிவைச் சேமிக்கும்போது, கோப்பின் ஒட்டுப்பெயர் சிறிய எழுத்தில் வேவ் என்று இருந்தால் சாதாரண 16 பிட் ஒலியை எழுதும். அதே ஒட்டுப்பெயரைப் பெரிய எழுத்தில் கொடுத்தால் ஜிஎஸ்எம் முறையில் சுருக்கிய ஒலியை எழுதும். முதலாவது நொடிக்கு 16,000 பைட், இரண்டாவது 1,625. லினக்ஸில் இவை இரண்டு வேறு பெயர்கள். விண்டோஸோ பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று வேற்றுமை பாராட்டாது. சர்வரிலிருந்து கோப்புகளை ஒரு விண்டோஸ் அடைவுக்கு நகலெடுத்து, எல்லாவற்றையும் ஒரே வகை என்று நினைத்து ஒரு நிரலுக்குள் தள்ளினால் பாதி ஒலிக்கும், பாதி புயல்போல இரையும். கோப்பின் அளவை நீளத்தால் வகுத்துப் பார்த்தாலே விஷயம் வெளிப்பட்டுவிடும்: நொடிக்கு 16,000-க்குப் பக்கமா, 1,625-க்குப் பக்கமா? கருவி எதுவும் இல்லாமல் செய்யக்கூடிய சோதனைகளில் இதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

தலைப்பகுதி எப்போதும் 44 பைட்தான் என்று நம்பி எழுதிய நிரல்களும் நிறைய. ஏ-லா வேவில் தலைப்பகுதி வழக்கமாக 58 பைட், ஜிஎஸ்எம் வேவில் 60. பாடகர் பெயர், தேதி போன்ற குறிப்புகள் ஒலிக்கு முன்னால் சேர்ந்தால் இன்னும் நீளும். 44-ஐத் தாண்டிக் குதிக்கும் நிரல் அந்தக் குறிப்பு எழுத்துகளையே ஒலியாக எண்ணிப் படிக்கும். தொடக்கத்தில் ஒரு ‘டிக்’ கேட்கும். குறிப்புகள் பின்னால் இருந்தால் ‘டிக்’ முடிவில் வரும். ஒவ்வொரு கோப்பிலும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி வரும் சத்தம் மைக்கிலிருந்து வந்திருக்க முடியாது.

பதிவின் நடுவில் மின்சாரம் போனால் இன்னொரு கதை. நீளத்தைப் பதிவு முடிந்த பிறகுதான் தலைப்பகுதிக்குத் திரும்பிப் போய் எழுத முடியும். எழுதுவதற்குள் கணினி அணைந்துவிட்டால் அங்கே பூஜ்யம் நிற்கும். கோப்பு நூற்றுக்கணக்கான மெகாபைட் இருக்கும், மென்பொருளோ நீளம் பூஜ்யம் என்று காட்டும். பலர் இந்த இடத்தில் கோப்பை அழித்துவிடுகிறார்கள். அழிக்க வேண்டாம். ஆடாசிட்டியில் கோப்பு மெனுவின் இறக்குமதிப் பகுதியில் ‘ரா டேட்டா’ என்று ஒரு வழி இருக்கிறது. அதில் 16 பிட், லிட்டில் எண்டியன், சேனல் எண்ணிக்கை, மாதிரி வீதம் ஆகியவற்றை நாமே சொல்லி, தொடக்கத்தில் 44 பைட்டைத் தள்ளச் சொன்னால் முழு ஒலியும் திரும்பி வந்துவிடும். 44 என்பதற்குப் பதில் 45 என்று கொடுத்துப் பாருங்கள். ஒரு மாதிரியின் பின்பாதியும் அடுத்த மாதிரியின் முன்பாதியும் சேர்ந்து ஓர் எண்ணாகி, திரை முழுவதும் வெறும் இரைச்சல். 46 கொடுத்தால் மறுபடி குரல். தலைப்பகுதியின் நீளம் தெரியாத பழைய பதிவுகளை மீட்கும்போது இந்த ஒற்றை-இரட்டை வித்தியாசமே வழி காட்டும்.

நீளம் எழுதும் இடம் 32 பிட் அகலம் மட்டுமே. ஆகவே வேவின் உச்ச அளவு 4 ஜிபி. குறுந்தகட்டுத் தரத்தில், அதாவது 44,100 மாதிரி, 16 பிட், ஸ்டீரியோவில், இது சுமார் 6 மணி 45 நிமிடம். 48,000 மாதிரி, 32 பிட் என்று போனால் 3 மணி 6 நிமிடத்தில் தீர்ந்துவிடும். நம் ஊரில் இது ஏட்டுக் கணக்கல்ல. இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும் தெருக்கூத்தை ஒரே கோப்பாகப் பதிவு செய்பவர்கள் இருக்கிறார்கள். எட்டு மணி நேரக் கூத்து 508 கோடி பைட்டுக்கு மேல். 32 பிட்டில் கொள்ளாததால் மேலே இருக்கும் பகுதி உதிர்ந்து மிச்சம் மட்டும் எழுதப்பட்டால், கோப்பு 1 மணி 14 நிமிடம் என்று காட்டும். கூத்து முழுவதும் வட்டில் இருக்கிறது. தலைப்பகுதி மட்டும் ஒன்றேகால் மணிக்குக் குறைவாகச் சொல்கிறது. மேலே சொன்ன ரா இறக்குமதி இதற்கும் மருந்து. முன்கூட்டியே தவிர்க்க வேண்டுமானால், ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் வகுத்த ஆர்எஃப்64 என்ற 64 பிட் நீளம் கொண்ட வடிவமோ ஃபிளாக்கோ போதும்.

ஐந்து கட்டை எப்படி இறங்கியது

மாதிரி வீதத் தவறு எளிதில் பிடிபடும், அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். 48,000-ல் பதிவான ஒலியை 44,100 என்று எண்ணி ஓட்டினால் ஒரு மணி நேரம் 65 நிமிடம் 18 நொடியாகும். சுருதி சுமார் ஒன்றரை அரைச்சுரம் இறங்கும். ஐந்து கட்டையில் பாடியவர் நாலுக்கும் நாலரைக்கும் நடுவில் எந்தக் கட்டையிலும் சேராத இடத்தில் நிற்பார். பாட்டு ஆசிரியர்களுக்கு இது கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிடும், பேச்சுப் பதிவில் தெரியாது. பேசியவர் கொஞ்சம் களைப்பாக இருந்தார் என்றுதான் தோன்றும். பின்னால் தம்புரா ஒலிக்கும் பதிவு என்றால் சுருதிப்பெட்டியோடு ஒப்பிட்டால் முடிந்தது.

புளூடூத் ஹெட்செட்டை மைக்காகப் பயன்படுத்துபவர்கள் சொல்லும் புகாரும் இங்கேயே சேரும். மைக் இயங்கத் தொடங்கியதும் பல ஹெட்செட்டுகள் பாட்டுக்கான இணைப்பை விட்டுத் தொலைபேசி இணைப்புக்கு மாறுகின்றன. மாதிரி வீதம் 8,000 அல்லது 16,000-க்கு இறங்குகிறது. ஆடாசிட்டி 44,100 என்று காட்டினாலும் உள்ளே வருவது தொலைபேசித் தரம்தான். அலைவடிவப் பார்வையை ஸ்பெக்ட்ரோகிராமாக மாற்றிப் பார்த்தால் 4,000 அல்லது 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றுமே இருக்காது. கத்தியால் வெட்டியதுபோல் ஒரு விளிம்பு தெரியும். இந்த விளிம்பைப் பார்க்கப் பழகிக்கொண்டவர் பாதி வழுக்களை ஒரே பார்வையில் ஒதுக்கிவிடுவார்.

தமிழ்ப் பேச்சுக்கு இந்த விளிம்பு எங்கே விழுகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. ழகரத்தின் அடையாளம் பெரும்பாலும் 3,000 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும், ஆகவே தொலைபேசியிலும் தப்பும். ‘ஸ’ போன்ற உரசொலிகளின் வலு 4,000-க்கு மேலேதான். 8,000 மாதிரியில் பதிவான குரலை 16,000-க்கு உயர்த்திப் பேச்சறி நிரலுக்குக் கொடுத்தாலும் போன உரசல் திரும்பாது. நிரல் அந்த எழுத்துகளில் தடுமாறும்போது மாடலைக் குறை சொல்வதற்கு முன் ஸ்பெக்ட்ரோகிராமைப் பார்ப்பது நல்லது.

எம்பி3 தொடக்கத்தில் வைக்கும் மௌனம்

வழு என்று பலமுறை புகார் செய்யப்பட்டு, வழு அல்ல என்று பதில் பெற்ற ஒன்று இது. எம்பி3 ஒலியை 1,152 மாதிரிகள் கொண்ட சட்டங்களாக வெட்டுகிறது. 44,100 வீதத்தில் ஒரு சட்டம் சுமார் 26 மில்லிநொடி. ஒலி சட்டக் கணக்கில் சரியாக முடியாதபோது கடைசிச் சட்டத்தை மௌனத்தால் நிரப்ப வேண்டும். முன்னாலும் தாமதம் உண்டு: லேம் 576 மாதிரிகள் சேர்க்கிறது, விரிக்கும் நிரல் 529. ஆக 1,105 மாதிரிகள், 25 மில்லிநொடி. தனிப் பாட்டைக் கேட்பவருக்கு இது தெரியாது. தம்புரா சுழற்சியை எம்பி3-ஆகச் சேமித்துத் திரும்பத் திரும்ப ஓட்டுபவருக்குச் சுற்றுக்கு ஒருமுறை சுருதி விக்கும். ஆதி தாளத்துக்கு மிருதங்கச் சுழற்சி வைத்துப் பயிற்சி செய்பவருக்குச் சமம் நழுவும். எம்பி3-ஐத் திறந்து, வெட்டி, மறுபடி எம்பி3 என்று நான்கு கை மாறினால் பத்தில் ஒரு பங்கு நொடி சேர்ந்துவிடும். வீடியோவில் உதடும் குரலும் பிரியத் தொடங்க அது போதும்.

லேம் இதற்கு ஒரு நேர்த்தியான தீர்வு செய்தது. கோப்பின் தொடக்கத்தில் ஒலியில்லாத ஒரு சட்டத்தில், முன்னால் எத்தனை மாதிரி, பின்னால் எத்தனை மாதிரி வெறும் நிரப்பல் என்று எழுதி வைத்தது; ஒவ்வொன்றுக்கும் 12 பிட். அந்தக் குறிப்பைப் படிக்கும் மென்பொருள் மௌனத்தை வெட்டிவிடும், படிக்காதது அப்படியே ஓட்டும். ஒரே கோப்பு இரண்டு மென்பொருள்களில் இரண்டு நீளம் காட்டினால் காரணம் பெரும்பாலும் இதுவே. மாறும் பிட் வீதத்தில் எழுதிய எம்பி3-ல் இந்தக் குறிப்புச் சட்டம் தொலைந்தால் நீளமே தாறுமாறாகும். முதல் சில சட்டங்களைப் பார்த்து மொத்தத்தை ஊகிப்பதால், நாற்பது நிமிட உரை ஒன்றரை மணி நேரம் என்று காட்டலாம். சுழற்சிக்கு எம்பி3 வேண்டாம், வேவோ ஃபிளாக்கோ வைத்துக்கொள்ளுங்கள் என்பதே நடைமுறைப் பதில்.

மிருதங்கம் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். குறைந்த பிட் வீதத்தில் எம்பி3 கூரிய அடிகளை முன்னோக்கிக் கசியவிடுகிறது. அடி விழுவதற்கு ஒரு கணம் முன்பே ஒரு மெல்லிய இரைச்சல். இதைக் குறைக்க, கூரிய இடங்களில் 576 என்ற நீண்ட கட்டத்தை விட்டு 192 என்ற குறுகிய கட்டத்துக்கு மாறும் ஏற்பாடு எம்பி3-க்குள்ளேயே இருக்கிறது. அந்த மாற்றத்தை எப்போது செய்வது என்று தீர்மானிப்பதுதான் குறியாக்கியின் திறமை. அதைச் சோதிக்க உலகெங்கும் பயன்பட்டது ஸ்பெயின் நாட்டுக் காஸ்டனெட் ஒலித்துண்டு. குரலுக்கு, எம்பி3-ஐ வடித்தவர்களில் ஒருவரான கார்ல்ஹெயின்ஸ் பிராண்டன்பர்க் சுசான் வேகாவின் பாட்டைக் கேட்டுக் கேட்டுத் திருத்தினார். தவிலின் சொற்கட்டும், மிருதங்க வலந்தலையின் ‘நம்’மும், நாகசுரமும் இப்படிச் சோதனைத் துண்டுகளாகக் கட்டற்ற உரிமத்தில் போய்ச் சேர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. புனேயில் திரைப்படக் கல்லூரியே இருக்கிறது. ஒலிப்பதிவைப் பாடமாகப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. பத்து நொடித் துண்டு ஒன்றைச் சுத்தமாகப் பதிவு செய்து தருவது பெரிய காரியமல்ல.

32,767-க்கு அடுத்த எண்

ஆடாசிட்டி உள்ளே 32 பிட் மிதவை எண்களில் வேலை செய்கிறது. உச்சத்தை மீறினாலும் அங்கே எதுவும் கெடாது, ஒலியைக் குறைத்தால் அலை முழுசாகத் திரும்பி வரும். 16 பிட்டுக்கு எழுதும்போதுதான் ஆபத்து. 16 பிட்டில் உச்சம் 32,767. அதற்கு மேல் ஒன்று கூட்டினால் 32,768 வர வேண்டும், ஆனால் அந்த எண் அங்கே இல்லை. கவனமில்லாத நிரலில் அது −32,768 ஆகிவிடும். மலை உச்சியிலிருந்து ஒரே மாதிரியில் பள்ளத்தாக்குக்கு விழுகிறது அலை, காதில் ஓர் அறை. கவனமான நிரல் உச்சத்திலேயே நிறுத்திவிடும்; அலையின் தலை தட்டையாகும். லிப்சண்ட்ஃபைலில் இப்படி நிறுத்துவதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. அதை இயக்காத நிரல்களில்தான் இந்த அறை கேட்கும். பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டையும் வேறுபடுத்தலாம்: தட்டைத் தலை என்றால் பதிவு அளவு அதிகம், செங்குத்து விழுதல் என்றால் வழு.

டிதர் பற்றிய குழப்பம் இதைவிட நுட்பமானது. மிதவை எண்ணை 16 பிட்டுக்குள் அடக்கும்போது மிச்சத்தை வெறுமனே வெட்டினால் மெல்லிய இடங்களில் சொரசொரப்பு வரும். அதை மறைக்க ஆடாசிட்டி மிக மெல்லிய தற்செயல் இரைச்சலைக் கலக்கிறது; இதற்குத்தான் டிதர் என்று பெயர். தற்செயல் என்பதால் ஒரே திட்டத்தை இரண்டு முறை எக்ஸ்போர்ட் செய்தால் இரண்டு கோப்புகளும் பிட்டுக்குப் பிட் ஒன்றாக இருக்காது. ஃபிளாக் இழப்பற்றது என்று படித்தவர், திரும்பத் திறந்து ஒப்பிட்டு வித்தியாசத்தைக் கண்டு, “ஃபிளாக்கில் வழு” என்று எழுதுகிறார். ஃபிளாக் வாங்கியதை அப்படியே காத்திருக்கிறது. தன் உள்ளே ஒலியின் எம்டி5 கைரேகையையும் வைத்திருக்கிறது. மாறியது ஃபிளாக்கிடம் போவதற்கு முன்பே. விருப்பத் தேர்வுகளில் டிதரை அணைத்துவிட்டுச் சோதித்தால் தெளியும்.

தமிழில் பெயரிட்டால்

எம்பி3-க்குள் பாட்டின் பெயர், பாடியவர் பெயர் எழுதும் ஐடி3 குறிப்பு நம்மை நேரடியாகத் தொடும் இடம். அதன் முதல் வடிவத்தில் பெயருக்கு 30 பைட். யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ‘மு’ என்பதில் மகரமும் உகரக் குறியும் சேர்ந்து இரண்டு குறிகள், 6 பைட். எனவே 30 பைட்டில் உயிர்மெய்யாக ஐந்தே எழுத்துகள் கொள்ளும். அதற்கு மேல் வெட்டப்படும்போது எழுத்தின் நடுவிலேயே வெட்டு விழலாம். கடைசியில் ஒரு கேள்விக்குறிக் கட்டம் நிற்கும். இரண்டாம் வடிவத்தின் 2.3 பதிப்பு யுடிஎஃப்-16 அல்லது லத்தீன் எழுத்துமுறையை மட்டும் ஏற்கும். யுடிஎஃப்-8 வந்தது 2.4-ல். யுடிஎஃப்-8-ல் எழுதிவிட்டு லத்தீன் என்று முத்திரை குத்தும் நிரல்களால்தான் கார் ஸ்டீரியோவில் தமிழ்ப் பாட்டின் பெயர் உச்சிக்கோடிட்ட ரோமன் எழுத்துகளின் வரிசையாகத் தெரிகிறது. 2000-களில் திஸ்கி, தாப் என்ற பழைய தமிழ்க் குறியாக்க முறைகளில் பெயரிட்ட எம்பி3 தகடுகள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. அவற்றில் ஒலி நன்றாகவே இருக்கும், பெயர்தான் தொலைந்திருக்கும். அடைவின் பெயர் தமிழில் இருந்ததால் கோப்பைத் திறக்க மறுத்த மென்பொருள்களும் உண்டு. அதே கோப்பைப் பெயர் மாற்றி, ரோமன் எழுத்து அடைவில் வைத்துத் திறந்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் உறுதியாகும்.

தேடும் முறை

காதை நம்பித் தொடங்கலாம், காதை நம்பி முடிக்கக் கூடாது. நான் முதலில் செய்வது, சந்தேகக் கோப்பை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மென்பொருள்களில் திறப்பது. இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே கோளாறு என்றால் எழுதிய பக்கம் தப்பு. ஒன்றில் மட்டும் என்றால் படிக்கும் பக்கம் தப்பு. பிறகு மீடியாஇன்ஃபோ அல்லது எஃப்எஃப்புரோப் கொண்டு தலைப்பகுதி என்ன சொல்கிறது என்று படிப்பது. மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி இந்த இரண்டு படியிலேயே தீர்ந்துவிடும்.

தீராதபோது கழித்துப் பார்க்கும் சோதனை. மூல ஒலியையும், எக்ஸ்போர்ட் செய்து திரும்பத் திறந்த ஒலியையும் இரண்டு டிராக்குகளாக வையுங்கள். எம்பி3 என்றால் முன்னால் இருக்கும் மௌனத்தை மாதிரிக் கணக்கில் வெட்டி நேராக்குங்கள். ஒன்றைத் தேர்ந்து ‘இன்வெர்ட்’ கொடுத்து இரண்டையும் கலந்துவிடுங்கள். சமமான இடமெல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறையும், மிஞ்சுவது வித்தியாசம் மட்டுமே. ஃபிளாக்கில், மூல ஒலியும் அதே பிட் அளவில் இருந்து டிதரையும் அணைத்திருந்தால், முழு மௌனம் மிஞ்ச வேண்டும். எம்பி3-ல் காற்று வீசுவதுபோன்ற ஒரு நிழல் மிஞ்சும். அது குறியாக்கி வேண்டுமென்றே விட்டது. அந்த நிழலில் சட்டென்று ஓரிடத்தில் குரல் முழுசாகத் தெளிந்து கேட்டால், அங்கே நேரம் நழுவியிருக்கிறது. அந்த இடத்தின் நேரத்தைக் குறித்துக்கொண்டால் வழுவின் முகவரி கிடைத்துவிட்டது.

பழைய பதிப்பில் சரியாக இருந்து புதியதில் கெட்டிருந்தால், கட்டற்ற மென்பொருளின் உண்மையான பலம் வெளிப்படும். மூலநிரலின் ஒவ்வொரு மாற்றமும் கிட் சேமிப்பில் இருக்கிறது. நல்ல பதிப்புக்கும் கெட்ட பதிப்புக்கும் நடுவில் ஆயிரம் மாற்றங்கள் இருந்தாலும், பாதியில் வெட்டிச் சோதித்து, மறுபடி பாதியில் வெட்டிக்கொண்டே போனால் பத்துச் சோதனையில் குற்றவாளி மாற்றம் தெரிந்துவிடும். மூடிய மென்பொருளில் இந்த வழி நமக்கு அடைப்பு. கராடியில் இரவுப் பணி செய்யும் சோதனையாளர்கள் தம் நிறுவன மென்பொருளுக்கு இதைத் தினமும் செய்கிறார்கள். அதே திறமையில் ஒரு மாலை ஆடாசிட்டிக்கோ லிப்சண்ட்ஃபைலுக்கோ போனால் எத்தனை பேருக்குப் பயன் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

தலைப்பகுதி வழுக்கள் பாதுகாப்பையும் தொடுகின்றன. கோப்பு சொல்லும் நீளத்தை அப்படியே நம்பி நினைவகம் ஒதுக்கும் நிரலை, பொய்யான நீளம் எழுதிய கோப்பால் உடைக்கலாம். 2015-ல் ஆண்ட்ராய்டின் ஸ்டேஜ்ஃபிரைட் நூலகத்தில் வெளிப்பட்ட ஓட்டை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் பின் கூகுள் 2016-ல் தொடங்கிய ஓஎஸ்எஸ்-ஃபஸ் திட்டம், தாறுமாறாகச் சிதைத்த கோப்புகளைக் கட்டற்ற நூலகங்களுக்கு ஓயாமல் ஊட்டிச் சோதிக்கிறது. இந்த நூலகங்களைப் பராமரிப்பவர்களில் பலர் தன்னார்வலர்கள். பெங்களூரின் ஜெரோதா நிறுவனம் 2024-ல் கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கென ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் ஒதுக்கும் நிதியைத் தொடங்கியது. இந்த மென்பொருள்களின் மேல் வணிகம் நடத்தும் மற்ற நிறுவனங்களும் இதைப் பின்பற்ற வேண்டும்.

கராடி போன்ற இடத்தில் வழுவைத் தெரிவிப்பதற்கு ஒரு தனித் தடை இருக்கிறது. வழு தென்பட்ட கோப்பில் யாரோ ஒரு வாடிக்கையாளரின் குரல் இருக்கிறது, அவருடைய கணக்கு எண்கூட இருக்கலாம். அதை வெளியே அனுப்ப நிறுவனம் விடாது, விடவும் கூடாது; 2023-ன் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. கோப்பு இல்லாத வழு அறிக்கையை உருவாக்குநர்கள் மறுபடி நிகழ்த்திப் பார்க்க முடியாது. அது கிடப்பில் கிடக்கும். இதற்கு வழி உண்டு. ஆடாசிட்டியின் ஜெனரேட் மெனுவில் பத்து நொடிச் சுரம் ஒன்றை உண்டாக்கி, அதை அதே பாதையில் அனுப்புங்கள்: அதே பதிவு அமைப்பு, அதே 8,000 வீதம், அதே ஏ-லா அல்லது ஜிஎஸ்எம், அதே எக்ஸ்போர்ட் அமைப்புகள். சுரத்திலும் கோளாறு வந்தால் அந்தக் கோப்பை அப்படியே இணைக்கலாம், அதில் யாருடைய குரலும் இல்லை. சுரத்தில் வராமல் பேச்சில் மட்டும் வந்தால் உங்கள் குரலில் ஏதாவது பேசி அனுப்புங்கள். அதிலும் வராவிட்டால் மூலக் கோப்பின் முதல் 60 பைட்டுகளைப் பதினாறடிமான எண்களாக எழுதி, கோப்பின் மொத்த அளவையும், ஆடாசிட்டி, எஃப்எஃப்எம்பெக், இயங்குதளம் ஆகியவற்றின் பதிப்பு எண்களையும் சேர்த்துக் கொடுங்கள். அந்த 60 பைட்டில் வாடிக்கையாளரின் பெயரோ குறிப்போ நுழைந்திருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.